கோழிக்குஞ்சுக்கும் ஒரு பட்டம் உண்டு



'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். உருளைக்கிழங்குக்குப் பட்டம் பார்க்கிறோம், காரட்டுக்குப் பட்டம் பார்க்கிறோம். கோழிக்குஞ்சுக்கு யாராவது பட்டம் பார்க்கிறோமா? 'கோழிக்கு என்னங்க பட்டம்? எப்ப வேணும்னாலும் குஞ்சு கிடைக்குது, எப்ப வேணும்னாலும் கறி விக்குது' என்றுதான் நீலகிரியில் கொட்டகை போட விரும்பும் பலரும் சொல்கிறார்கள். அது சரியா என்று பார்ப்போம். கோழிக்குஞ்சு நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றைத் தெரிந்து கொண்டால், கொட்டகைக்குப் பணம் போடலாமா வேண்டாமா என்பதும் தானே விளங்கும்.

முதலில் ஒரு சின்ன மனக்கணக்கு. கோழி முட்டை பொரிய 21 நாள். பிராய்லர் குஞ்சு 2 கிலோவுக்கு மேல் வளர ஏறக்குறைய 42 நாள். இரண்டையும் கூட்டினால் 63 நாள், அதாவது 9 வாரம். டிசம்பர் 25-ம் தேதி கிறிஸ்துமஸுக்குக் கடையில் தொங்குகிற கோழி, நவம்பர் 13-ம் தேதி வாக்கில் ஓட்டை உடைத்துக் கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். அதன் முட்டை அக்டோபர் 23-ம் தேதியே இயந்திரத்தில் ஏறியிருக்க வேண்டும். ஊட்டி மலர்க்காட்சிக்கு மே மாதம் நடுவில் கூட்டம் வருகிறது என்றால், அதற்கான முட்டையை மார்ச் 13-ம் தேதி வாக்கில் வைத்தாக வேண்டும்.

புரட்டாசியை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் அந்த மாதம் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்து விடும். செப்டம்பர் 17 வாக்கில் புரட்டாசி பிறக்கிறது. 63 நாள் பின்னால் போனால் ஜூலை 16, ஏறக்குறைய ஆடி முதல் தேதி! ஆக, குஞ்சு பொரிப்பகத்துக்கும் ஆடிப்பட்டம் உண்டு. அங்கே அது விதைக்கிற பட்டம் அல்ல, விதையைக் குறைக்கிற பட்டம்.

அடைக்கோழிக் காலம்

இயந்திரம் வருவதற்கு முன் இந்தக் கணக்கு முழுவதும் தாய்க்கோழியின் கையில் இருந்தது. நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு 50, 60 முட்டை இடும். இட்டு முடித்ததும் அடையில் உட்காரும். ஓர் அடைக்கு 10 அல்லது 12 முட்டை. இடி இடித்தால் முட்டை கெட்டுப் போகும் என்று கூடையில் ஓர் இரும்புத் துண்டும், கரித்துண்டும், காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். 21 நாள் ஆனதும் கூமுட்டை போக எட்டோ ஒன்பதோ குஞ்சு வரும். பருந்து, கீரி, காட்டுப்பூனை கொண்டு போனது போக மிச்சம் பஞ்சாரத்துக்குள் வரும்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளின் பின்புறமும், சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி 1964-க்குப் பிறகு தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறியவர்களின் வீடுகளிலும் இப்படித்தான் கோழி வளர்ந்தது. விருந்தாளி வந்தால் ஒரு சேவல், அவசரத்துக்கு விற்க ஒரு பெட்டை. ஒரு தாய்க்கோழி ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை அடை உட்கார்ந்தால் 20 முதல் 30 குஞ்சு. கோழி எப்போது அடைக்கு உட்காரும் என்பதைக் கோழிதான் முடிவு செய்தது. எனவே 'இந்தத் தேதிக்கு 1,000 குஞ்சு வேண்டும்' என்று யாரும் கேட்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.

மண் அடுப்பில் பொரித்த குஞ்சு

கோழி இல்லாமல் முட்டையைப் பொரிக்கும் வித்தை மிகப் பழையது. எகிப்து நாட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மண்ணால் கட்டிய பெரிய அடுப்பு அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அடுக்கிச் சூடு காட்டிப் பொரித்தார்கள். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்த்தே சூடு சரியா என்று சொல்லி விடுவார்கள். பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரேயோமூர் இந்த முறையைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1749-ல் நூல் வெளியிட்டார். அங்கே நிலவிய ஓர் ஏற்பாடு நம் கவனத்துக்குரியது. ஊர்மக்கள் 3 முட்டை கொண்டு வந்து கொடுத்தால், அடுப்புக்காரர் 2 குஞ்சு திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்சத்தில் கெட்டது போக அவருக்கு லாபம். பொரிப்பு விகிதம் என்று இன்று நாம் பேசுகிற கணக்கை அவர்கள் அன்றே பேச்சு ஒப்பந்தமாக வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் லைமன் பைஸ் என்பவர் 1879-ல் செய்த பொரிப்பான் வியாபாரத்துக்கு வழி திறந்தது. 1918-ல் அந்நாட்டுத் தபால் துறை ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பார்சலில் ஏற்றுக் கொள்ள ஆரம்பித்தது. உயிருள்ள குஞ்சு தீனி தண்ணீர் இல்லாமல் எப்படித் தாங்கும்? பொரிவதற்குச் சற்று முன் குஞ்சு மீதமுள்ள மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக் கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு 2, 3 நாள் வரை உயிரைத் தாங்கும். குஞ்சு வியாபாரம் முழுவதும் இந்தக் கட்டுச்சோற்றை நம்பித்தான் நடக்கிறது.

கறிக்கோழித் தொழில் பிறந்த கதையும் குஞ்சுக் கணக்கில் நேர்ந்த ஒரு பிசகுதான். 1923-ல் டெலவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்ற ஊரில் செசில் ஸ்டீல் என்ற குடும்பப் பெண் முட்டைக்காக 50 குஞ்சு கேட்டு எழுதினார். பொரிப்பகத்திலிருந்து 500 வந்து இறங்கின. அவர் திருப்பி அனுப்பவில்லை. கொட்டகை போட்டு வளர்த்தார். 387 பிழைத்தன. சுமார் 2 ராத்தல் எடை வந்ததும் கறிக்கு விற்றதில் நல்ல லாபம். 1926-க்குள் அவர் 10,000 கோழிக்கு இடம் கட்டி விட்டார். அக்கம்பக்கத்தாரும் பின்பற்றினார்கள். அந்தப் பகுதியே கறிக்கோழி வட்டாரமாக மாறிற்று.

நம் நாட்டுக்கு வந்த விதம்

நம் நாட்டில் பெருமளவில் கோழி வளர்க்கத் தடையாக இருந்தது வெள்ளைக் கழிச்சல் நோய். இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட் ஊரில் 1920-களில் இனங்காணப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் பெயர். வந்தால் பஞ்சாரமே காலியாகி விடும். தடுப்பூசி வந்த பிறகுதான் '100 குஞ்சு விட்டால் 95 தேறும்' என்று ஒருவர் கணக்குப் போட முடிந்தது. நம் மாநிலத்தில் ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இந்தப் பணியில் முன் நின்றது.

இதில் ஒரு விசேஷம் கேளுங்கள். அந்தத் தடுப்பூசி தயாராவதும் அடை முட்டைக்குள்தான். 9 முதல் 11 நாள் வரை கரு வளர்ந்த முட்டையில் நோய்க்கிருமியை வளர்த்து எடுப்பார்கள். நாள் தவறினால் காரியம் கெட்டது. மனிதருக்கு வரும் ப்ளூ காய்ச்சல் கிருமியைப் பிரித்தெடுக்கவும் இதே முறைதான். 1957-ல் ஆசியக் காய்ச்சல் கப்பல் வழியாகச் சென்னைக்கு வந்து நாடெங்கும் பரவியபோது, அதை ஆராய்ந்தவர்கள் நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்த இன்புளுயன்சா மையத்தினர். 1907-ல் தொடங்கிய நிறுவனம் அது. முட்டையின் நாட்கணக்கு நீலகிரிக்கு அன்றே அறிமுகம்தான், ஆய்வுக்கூட அளவில்!

தொழில் அளவில் பார்த்தால், 1971-ல் பி. வி. ராவ் அவர்கள் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனம் முக்கியமானது. அமெரிக்காவின் காப் இனத்திலிருந்து உருவான வென்காப் கறிக்கோழி 1980-களில் நாடெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டையில் 1984-ல் சுகுணா நிறுவனம் தொடங்கப் பெற்றது. 1990 வாக்கில் அங்கே ஒப்பந்தப் பண்ணை முறை தலையெடுத்தது. கம்பெனி குஞ்சும் தீனியும் மருந்தும் கொடுக்கும். விவசாயி கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் கொடுப்பார். வளர்ந்த கோழியைக் கம்பெனியே எடுத்துக் கொண்டு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தரும். கிணறு வற்றிய கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இது வேகமாகப் பிடித்துக் கொண்டது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 12 கோடிக்கு மேல் கோழியினங்கள். நாட்டிலேயே முதலிடம்.

இப்போது குஞ்சு வரும் ஏணியைப் பாருங்கள். மேல்படியில் பாட்டிக் கோழி, அதன் குஞ்சு தாய்க்கோழி, தாய்க்கோழியின் குஞ்சு நாம் வளர்க்கும் பிராய்லர். தாய்க்கோழி முட்டையிட 24, 25 வாரம் ஆகும். அதன் பிறகு அது 60 வாரம் தாண்டும் வரை இட்டு, ஏறக்குறைய 140 குஞ்சுக்கு வழி செய்யும். நாட்டுக்கோழியின் 20, 30 குஞ்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் இன்று ஒரு கம்பெனி தாய்க்கோழிக் குஞ்சை இறக்கினால், அதிலிருந்து முதல் கறி வர 8 மாதம் ஆகும். இன்றைய விலையைப் பார்த்து எடுத்த முடிவு 8 மாதம் கழித்துச் சந்தைக்கு வருகிறது.

மலைமேல் முட்டை ஏன் மக்கர் செய்கிறது?

'அந்தப் பொரிப்பகத்தை நம்ம ஊட்டியிலேயே வச்சா என்ன? குளுகுளுன்னு இருக்கே' என்று கேட்பீர்கள். முட்டை ஓடு கல் போலத் தெரிந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாகக் கரு மூச்சு விடுகிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குதான். எனவே கருவுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் முக்கால் பங்கு. காற்று லேசாக இருப்பதால் முட்டைக்குள் இருக்கும் ஈரமும் சீக்கிரம் வெளியேறி விடும். பொரிப்பதற்குள் முட்டை தன் எடையில் 12 சதவீதம் அளவு நீரை இழக்க வேண்டும். அதற்கு மேல் போனால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக் கொண்டு சாகும்.

உயர்ந்த மலைகளில் தலைமுறையாக வாழும் கோழிகளின் முட்டை ஓட்டில் காற்றுப் போக்கு குறைவு என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். இயற்கையே ஈரத்தைக் கட்டிக் காக்கிறது. சமவெளியில் இட்ட முட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதை ஊட்டிக்குக் கொண்டு வந்து, சமவெளி அளவிலேயே ஈரப்பதம் வைத்து அடை போட்டால் பொரிப்பு குறையும். மலையில் சிறிய பொரிப்பான் வைத்து நாட்டுக்கோழி பொரிக்கிறவர்கள் காற்றோட்டத்தையும் ஈரப்பதத்தையும் கூட்டி வைக்க வேண்டும். கூடுமானவரை மலையில் வளர்ந்த கோழியின் முட்டையையே வைக்க வேண்டும்.

குஞ்சுக்கும் இதே சிரமம் உண்டு. வேகமாக வளரும் பிராய்லருக்குப் பிராணவாயு அதிகம் வேண்டும். குறைந்த காற்று, குளிர் இரண்டும் சேர்ந்தால் இருதயம் திணறி, வயிற்றில் நீர் கோத்துச் சாகும். ஆண்டீஸ் மலை நாடுகளிலும் மெக்சிகோ மேட்டு நிலத்திலும் இந்த நோய் வெகுகாலமாகத் தெரிந்த ஒன்று. நம்மவர்கள் டிசம்பர் உறைபனிக்குப் பயந்து கொட்டகையைச் சாக்குப் படுதாவால் முழுக்க மூடி, உள்ளே கரி அடுப்பு வைத்து விடுகிறார்கள். சூடு கிடைக்கும், காற்று போய்விடும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடும் வேண்டும், மேலே காற்றுப் போக வழியும் வேண்டும்.

தீனிக்கான மக்காச்சோளமும் சந்தையும் கீழே இருப்பதோடு இதுவும் சேர்ந்து, பெரிய பொரிப்பகங்கள் சமவெளியில் அமைந்தன. நீலகிரிக்குக் குஞ்சும் தீனியும் பெரும்பாலும் மலைப்பாதை ஏறித்தான் வர வேண்டியிருக்கிறது. 2009 நவம்பர் நிலச்சரிவில் பாதைகள் துண்டிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கட்டுச்சோறு தீருவதற்குள் குஞ்சு வந்து சேர வேண்டும். எனவே ஐப்பசி, கார்த்திகை மழையில் குஞ்சு இறக்குகிறவர்கள் இரண்டு பாதைக்கும் வழி விசாரித்து, தீனியைப் பத்து நாளுக்காவது முன்கூட்டிச் சேர்த்து வைக்க வேண்டும்.

இயந்திரத்தில் ஏறிய முட்டை காத்திருக்காது

பொரிப்பதற்கு முன் முட்டையைக் குளிர்ந்த அறையில் ஒரு வாரம் வரை தாமதிக்கலாம். இயந்திரத்தில் ஏற்றி விட்டால் 18 நாள் செட்டரில், 3 நாள் ஹேச்சரில். 21-ம் நாள் குஞ்சு வந்தே தீரும். சந்தை இருக்கிறதா என்று அது கேட்காது.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாபூரில் பறவைக் காய்ச்சல் கண்டது. நம் மாநிலத்தில் நோய் இல்லை. ஆனாலும் பயத்தில் கறி வாங்குவதை மக்கள் நிறுத்தினார்கள். 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறியால் கொரோனா வரும் என்று பொய்ச்செய்தி பரவியது. பண்ணை விலை அடக்க விலையில் பாதிக்கும் கீழே போயிற்று. அதே மார்ச்சில் கோழிக்கோடு பக்கம் பறவைக் காய்ச்சல் வந்து, கூடலூர் வழியான எல்லைச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து அடித்தார்கள். அந்த நாட்களில் விற்க முடியாமல் நின்ற கோழிகள் எல்லாம், கொரோனா பயம் இங்கே எட்டாத டிசம்பர், ஜனவரியில் இயந்திரத்தில் ஏறிய முட்டைகள். தவறு விவசாயி மேலும் இல்லை, பொரிப்பகத்தின் மேலும் இல்லை. ஆனால் நட்டத்தை யார் தாங்கினார்கள்? சொந்தமாகக் குஞ்சு வாங்கி வளர்த்தவர்கள் கைப்பணத்தை இழந்தார்கள். ஒப்பந்தத்தில் வளர்த்தவர்களுக்கு அடுத்த பேட்ச் குஞ்சு வருவது தள்ளிப் போயிற்று.

கணக்கு யார் கையில்?

அமெரிக்க வேளாண் துறை ஒவ்வொரு புதன்கிழமையும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அந்த வாரம் எத்தனை முட்டை இயந்திரத்தில் வைக்கப்பட்டது, எத்தனை குஞ்சு பண்ணைகளில் இறங்கியது என்ற இரண்டு கணக்குதான் அதில் முக்கியம். வாரத்துக்கு 20 கோடிக்கு மேல் முட்டை! அதைப் படிக்கிற எவரும், 9 வாரம் கழித்துச் சந்தைக்கு எவ்வளவு கறி வரும் என்று கைவிரலில் எண்ணிச் சொல்லலாம்.

நம் பக்கம் பல்லடத்தில் இயங்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு தினமும் பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கிறது. விலை நம் காதுக்கு வந்து விடுகிறது. எத்தனை முட்டை அடையில் இருக்கிறது என்ற கணக்கு சின்ன விவசாயிக்கு எட்டுவதில்லை. விலை என்பது நேற்றைய மழை. முட்டைக் கணக்குதான் நாளைய மேகம்.

மேகம் பார்க்காமல் விதைத்தால் என்ன ஆகும் என்பதை நீலகிரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பசுந்தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் உருளைக்கிழங்குக் காட்டையெல்லாம் தேயிலையாக்கினோம். செடி வளர்ந்து இலை குவிந்தபோது, 1990-களின் கடைசியில் விலை சரிந்தது. அன்று விலையைப் பார்த்தோம், ஒவ்வொரு ஊரிலும் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. தேயிலைக்கு அந்தச் சுற்று பல ஆண்டு. கோழிக்கு 9 வாரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனவே கொட்டகை போடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

முதலாவது, சொந்தமாகக் குஞ்சு வாங்குகிறவர்கள் குஞ்சு விலையைத் தொடர்ந்து கவனியுங்கள். கறி விலை ஏறும்போது குஞ்சு விலையும் துள்ளினால், எல்லோரும் இறக்குகிறார்கள் என்று அர்த்தம். 6 வாரம் கழித்துச் சரக்கு குவியும். புரட்டாசி, சபரிமலை சீசன், நோன்பு, மே மாதக் கூட்டம் ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்து, 42 நாள் பின்னால் எண்ணிக் குஞ்சு இறக்குங்கள்.

இரண்டாவது, ஒப்பந்தத்தில் சேருகிறவர்கள் கிலோவுக்கு என்ன கூலி என்று மட்டும் கேட்டு நிறுத்தி விடாதீர்கள். ஒரு பேட்சுக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள் இடைவெளி என்று கேளுங்கள். 42 நாள் வளர்ப்பு, 15 நாள் கொட்டகை சுத்தம் என்றால் ஆண்டுக்கு 6 பேட்ச். இடைவெளி ஒரு மாதமானால் 5 தான். பாங்குக் கடன் வட்டி 12 மாதத்துக்கும் ஓடும். கால்நடை வளர்ப்பையும் உள்ளடக்கிய ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் தமிழ்நாட்டில் 2019-ல் இயற்றப்பட்டது. எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, 20 முட்டை வைத்தாலும் 200 முட்டை வைத்தாலும் ஒரு நோட்டுப் போடுங்கள். வைத்த தேதி, எந்தக் கோழியின் முட்டை, 7-ம் நாளும் 18-ம் நாளும் வெளிச்சத்தில் பார்த்தபோது கழித்தது எத்தனை, பொரிந்தது எத்தனை, முதல் வாரம் செத்தது எத்தனை என்று எழுதுங்கள். 7-ம் நாளே வெறும் முட்டை அதிகம் என்றால் சேவலைப் பாருங்கள். கடைசி நாளில் ஓட்டுக்குள்ளேயே குஞ்சு செத்தால் ஈரப்பதத்தையும் காற்றையும் பாருங்கள். மூன்று முட்டைக்கு இரண்டு குஞ்சு என்று எகிப்துக்காரர் போட்ட கணக்கைவிட நாம் கீழே போகலாமா?

தாய்க்கோழி அடை உட்கார்ந்த காலத்தில், எத்தனை முட்டை வைத்தோம், என்றைக்குப் பொரியும் என்பது வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். அந்தக் கணக்கு நம் வீட்டை விட்டுப் போய்ப் பல காலம் ஆயிற்று. கோழி வளர்க்க முன்வருகிறவர்கள் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். குஞ்சை அதற்குப் பிறகு வாங்கலாம்.